ஒரு ஊசியோடு முடியாத வைத்தியம்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற கண் மருத்துவ உதவியாளர். காவிரி டெல்டாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்த்தவன். சுவரில் பார்வைப் பலகையை மாட்டி, ஆறு மீட்டர் தள்ளி ஆளை உட்கார வைத்து, "கீழ் வரி தெரியுதாம்மா?" என்று கேட்டுக் கேட்டே காலம் ஓடிவிட்டது. இப்போது பென்ஷன்காரன். ஆனாலும் ஊரில் யாருக்குக் கண்ணில் என்ன வந்தாலும் முதலில் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருகிறார்கள். அப்படி வருகிறவர்களில் பாதிப் பேர் இப்போது சுகர்காரர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

சர்க்கரை நோயால் விழித்திரையின் நடுப்பகுதி வீங்குவதற்கு இன்று நல்ல மருந்து இருக்கிறது. கண்ணுக்குள் ஊசியாகப் போடுகிறார்கள். வேளைக்குப் போட்டால் போன பார்வையில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. ஆனால் அது ஒரு ஊசியோடு முடிகிற வைத்தியம் இல்லை. முதல் வருடத்திலேயே எட்டு, ஒன்பது, பத்து என்று தேவைப்படலாம். நம் அரசாங்கக் கண் வைத்திய ஏற்பாடோ ஒரே தடவையில் முடிகிற வேலைக்காகக் கட்டப்பட்டது. இந்த இரண்டும் பொருந்தாததால் மருந்து இருந்தும் மக்கள் பார்வையை இழக்கிறார்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் அதற்கு விளக்கம்.

அந்த ஏற்பாட்டைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நானும் அதில் ஒரு ஆணியாக இருந்தவன். 1976-இல் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் வந்தது. 1994-இல் உலக வங்கி உதவியோடு கண்புரை அறுவைத் திட்டம் ஏழு மாநிலங்களில் தொடங்கியபோது தமிழ்நாடும் அதில் ஒன்று. 1992-இல் மதுரையில் அரோலேப் என்ற லென்ஸ் தொழிற்சாலை தொடங்கி, வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த உள்விழி லென்ஸை இங்கேயே குறைந்த விலைக்குச் செய்தார்கள். அதற்குப் பிறகு ஏழை வீட்டுக் கிழவிக்கும் லென்ஸ் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் முகாம் போடுவோம். டார்ச் அடித்துப் பார்ப்போம். புரை முற்றியவர்களைப் பேருந்தில் ஏற்றி அனுப்புவோம். இரண்டு மூன்று நாளில் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்து, "தம்பி, இவ்வளவு கறுப்பா நீ?" என்று என்னையே கேலி செய்வார்கள். எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினால் வேலை முடிந்தது. நல்ல வேலைதான், சந்தேகமே இல்லை.

சுகர்காரர் கண் அப்படி இல்லை. டார்ச்சுக்கு அது அகப்படாது. வெளியிலிருந்து பார்த்தால் கண் பளிச்சென்று இருக்கும். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்தால்தான் தெரியும். வலி, சிவப்பு, நீர் வடிதல் எதுவும் கிடையாது. ஒரு கண்ணில் வீக்கம் வந்தாலும் இன்னொரு கண் சமாளித்துக்கொள்வதால் அந்த ஆளுக்கே தெரியாது. இரண்டாவது கண்ணும் மங்கிய பிறகு, "கண்ணாடி மாத்தணும் போல" என்று கண்ணாடிக் கடைக்குப் போவார். பஸ் போர்டு தெரியவில்லை, அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை, ரேஷன் கார்டு எழுத்து நடுவில் அழிந்த மாதிரி இருக்கிறது, கதவு நிலை வளைந்து தெரிகிறது என்று சொல்லிக்கொண்டு அவர் என்னிடம் வரும்போது பல மாதங்கள் போயிருக்கும்.

உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், துறை சாராதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால். சர்க்கரை வருடக்கணக்கில் கூடுதலாக இருந்தால் விழித்திரையின் மெல்லிய ரத்தக் குழாய்கள் பழுதாகின்றன. சில அடைத்துக்கொள்கின்றன. ரத்தம் போதாத விழித்திரை, வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கிறது. புதுக் குழாய் வளரச் சொல்லும் சமிக்ஞை அது. அதே புரதம் இருக்கிற குழாய்களின் சுவரையும் தளர்த்திவிடுகிறது. எங்கள் பக்கம் நண்டு வளை வைத்த வாய்க்கால் கரையைப் போல, உடைப்பு எடுக்காமலேயே கசியும். கசிந்த நீரும் கொழுப்பும் மாகுலா என்ற நடுப்பகுதியில் தேங்கி வீங்குகிறது. படிப்பதும் முகம் பார்த்து ஆளைத் தெரிந்துகொள்வதும் அந்தச் சின்ன இடத்தால்தான்.

முன்பு இதற்கு லேசர்தான் வழி. பார்வை மேலும் கெடும் வாய்ப்பை லேசர் ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கிறது என்று 1985-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. பெரிய விஷயம்தான். ஆனால் போன பார்வையை லேசர் திருப்பித் தந்தது அபூர்வம். "இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம்மா" என்று சொல்லித்தான் அன்று அனுப்பி வைப்போம்.

ஊசி வந்த பிறகுதான் "கொஞ்சம் திரும்பி வரும்" என்று வாய் திறந்து சொல்ல முடிந்தது. அதன் கதை வேறு இடத்தில் ஆரம்பிக்கிறது. 1989-இல் அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்தவர்களில் முக்கியமானவர் நெப்போலியோன் ஃபெராரா. அதை முடக்கும் பெவாசிசுமாப் என்ற மருந்துக்கு 2004-இல் குடல் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அடுத்த வருடமே கண் மருத்துவர்கள் அதில் துளியளவு எடுத்துக் கண்ணுக்குள் போட்டுப் பார்த்தார்கள். கண்ணுக்கென்றே செய்யப்பட்ட ரானிபிசுமாப் 2006-இல் வந்தது. சர்க்கரை நோய் வீக்கத்துக்கு அதற்கு 2012-இலும், அஃப்லிபர்செப்டுக்கு 2014-இலும் அங்கே அனுமதி கிடைத்தது. 2022-இல் ஃபாரிசிமாப் வந்திருக்கிறது. சிலருக்கு இடைவெளி கூட்டிப் போடலாம் என்பது அதன் பலம். ரானிபிசுமாபின் இந்தியத் தயாரிப்பு 2015 முதலே நம் நாட்டில் விற்பனையில் இருக்கிறது. மருந்து இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இந்த மருந்துகளில் முதல் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 660 பேரிடம் பார்த்த அமெரிக்க ஆய்வு 2015-இல் வெளிவந்தது. ஒரு வருடத்தில் மூன்றுமே சராசரியாகப் பத்து எழுத்து முதல் பதின்மூன்று எழுத்து வரை பார்வையைக் கூட்டின. பலகையில் ஒரு வரிக்கு ஐந்து எழுத்து என்று வைத்தால் இரண்டு வரிக்குக் குறையாது. இரண்டு வரி என்பது காகிதத்தில் சின்னதாகத் தெரியும். பஸ் போர்டைப் படிப்பதற்கும் பக்கத்தில் நிற்பவரைக் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான் என்று பலகை முன்னால் நின்றவனுக்குத் தெரியும். தொடக்கத்தில் பார்வை 6/12 அளவில் (நல்ல கண் பன்னிரண்டு மீட்டரில் படிப்பதை ஆறு மீட்டரில் படிக்கும் அளவு) அல்லது அதைவிட நன்றாக இருந்தவர்களுக்கு மூன்று மருந்துக்கும் வித்தியாசம் இல்லை. அதைவிடக் குறைந்தவர்களுக்கு முதல் வருடத்தில் அஃப்லிபர்செப்ட் முந்தியது. மூன்றிலுமே அந்த முதல் வருடத்தில் போட்ட ஊசி ஒன்பது, பத்து. இரண்டாம் வருடத்தில் அது ஐந்து, ஆறாகக் குறைந்தது. முன்னால் கொஞ்சம் கஷ்டப்பட்டால் பின்னால் இளைப்பாறலாம். இந்தச் செய்திதான் நோயாளிக்குப் போய்ச் சேர்வதே இல்லை.

ஏன் இத்தனை? மருந்து சில வாரங்களில் கண்ணை விட்டுப் போய்விடும். காரணமான சர்க்கரை போவதில்லை. அவ்வளவுதான்.

சரி, நம்மிடம் என்ன நடக்கிறது? எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, கூலி வேலை செய்பவர், ஒரு ஊசி போட்டுக்கொண்டார். இரண்டு வாரத்தில் நன்றாகத் தெரிந்தது. குணமாகிவிட்டது என்று வீட்டில் இருந்துவிட்டார். நாலைந்து மாதம் கழித்து வீக்கம் திரும்பியபோது, "அந்த ஊசி போட்டதாலதான் கண்ணு போச்சு" என்று தெரு முழுக்கச் சொன்னார். அதைக் கேட்டு அந்தத் தெருவில் இன்னும் இரண்டு பேர் ஊசிக்குப் போகவில்லை. இன்னொருவர் நேர் எதிர். ஒரு ஊசியில் பெரிதாக எதுவும் தெரியவில்லை, காசு வீண் என்று விட்டுவிட்டார். அவர் கையில் இருந்த சீட்டில் "ஒரு மாதம் கழித்து வரவும்" என்று மட்டும் இருந்தது. எத்தனை தடவை வர வேண்டியிருக்கும், எதற்காக, வராவிட்டால் என்ன ஆகும், எதுவும் இல்லை. புரை ஆபரேஷன் முடிந்தவரிடமும் இதே மாதிரிதான் சொல்லி அனுப்புவோம். அவர் வராவிட்டாலும் லென்ஸ் உள்ளேதான் இருக்கும். ஊசி போட்டவர் வராவிட்டால் மருந்து உள்ளே இருக்காது.

செலவையும் பாருங்கள். ஊசி இலவசம் என்றே வைத்துக்கொள்வோம். கண்மணி விரிக்கும் சொட்டு விட்டால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து தெரியாது. துணைக்கு ஆள் வேண்டும். இரண்டு பேர் கூலி போகும். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை, சந்தோஷம். ஆனால் கிராமத்திலிருந்து ஊசி போடும் ஊருக்குப் போகும் புறநகர் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். ஸ்கேன் ஒரு நாள், ரத்தப் பரிசோதனை ஒரு நாள், காப்பீட்டு ஒப்புதலுக்குக் காத்திருப்பு, ஊசி ஒரு நாள், மறுநாள் பரிசோதனை என்று பிரித்துப் போட்டால் ஒரு ஊசிக்கே மூன்று நான்கு பயணம் ஆகிவிடும். இப்படிப் பத்து ஊசிக்கு யார் வருவார்? நானே வர மாட்டேன்.

ஊசி மீதுள்ள பயம் வேறு. "கண்ணுக்குள்ள ஊசியா, சார்?" என்று கேட்கும்போதே முகம் வெளிறிவிடும். நியாயமான பயம். ஆனால் நடப்பதை விளக்கினால் முக்கால்வாசிப் பயம் போய்விடுகிறது. மரத்துப்போகச் சொட்டு விடுவார்கள். போவிடோன் அயோடின் விட்டுக் கண்ணைச் சுத்தம் செய்வார்கள். இமை மூடாமல் இருக்கச் சின்னக் கம்பி வைப்பார்கள். கறுவிழி ஓரத்திலிருந்து நாலு மில்லிமீட்டர் அளவு தள்ளி, வெள்ளைப் பகுதியில், முடி மாதிரி ஊசியால் 0.05 மில்லி மருந்து உள்ளே போகும். சில நொடிதான். ஊசி முனை கண்ணுக்கு நேராக வருவது அவருக்குத் தெரியாது. அன்றைக்குக் கொஞ்சம் உறுத்தும், வெள்ளையில் சிவப்புத் திட்டு வரலாம், கறுப்புப் புள்ளிகள் மிதக்கலாம். வலி கூடினாலோ, பார்வை திடீரென்று மங்கினாலோ, அன்றைக்கே ஓடி வர வேண்டும். உள்ளே கிருமி புகுந்தால் கண்ணே போகும் ஆபத்து. ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவாகத்தான் அது நடக்கிறது, ஆனால் நடக்கிறது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மறைத்துவிட்டு, பிறகு ஒருவருக்கு நடந்தால் ஊரே நின்றுவிடும்.

இந்தப் பின்னணியில்தான் சில வேண்டுகோள்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியதிலிருந்து சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. உலகத்தில் பல நாடுகளில் இல்லாத வசதி. மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர் நோயாளியின் அட்டையில் ஒரே ஒரு கட்டத்தைக் கட்டாயம் நிரப்பட்டும்: இந்த வருடம் சொட்டு விட்டோ கேமராவிலோ கண்ணுக்குள் பார்த்தாயிற்றா, இல்லையா. இல்லை என்றால் எந்தத் தேதியில் எங்கே போக வேண்டும் என்று அவரே எழுதிக் கொடுக்கட்டும். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நாற்பது வயதைத் தாண்டிய இந்தியச் சர்க்கரை நோயாளிகளில் நூற்றுக்கு 12 அல்லது 13 பேருக்கு விழித்திரைப் பாதிப்பும், நான்கு பேருக்குப் பார்வையைப் பறிக்கும் அளவு பாதிப்பும் இருப்பதாக 2022-இல் வந்த இன்னொரு ஆய்வு சொல்கிறது. நூறில் நாலு என்றால் ஒவ்வொரு ஊராட்சியிலும் ஆள் இருக்கிறார்கள், நமக்குப் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். இங்கிலாந்தில் 2003 முதல் எல்லாச் சர்க்கரை நோயாளிகளுக்கும் வருடாந்திரக் கண் படம் எடுக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக் காரணங்களில் இந்த நோய் ஐம்பது வருடத்தில் முதல் தடவையாக முதலிடத்தை விட்டு இறங்கியது. பக்கத்தில் கேரளத்தில் நயனாமிர்தம் என்ற பெயரில் குடும்ப சுகாதார மையங்களிலேயே படம் எடுக்கிறார்கள். படத்தைக் கணினியே படிக்கும் தொழில்நுட்பத்துக்கு மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களின் படங்களும் பயன்பட்டிருக்கின்றன. நம் வீட்டுச் சரக்கு, நமக்குக் கிடைக்கட்டுமே. ஒன்று மட்டும்: சாதாரணக் கேமரா படம் வீக்கத்தின் கனத்தைக் காட்டாது. சந்தேகப்பட்டவருக்கு அந்தக் கனத்தை அளக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் வேண்டும். ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அந்தக் கருவியும், அதை இயக்கத் தெரிந்த ஆளும் தினமும் இருக்க வேண்டும். கருவி வந்து, ஆள் வராமல், உறை போட்டு மூடி வைத்த கதை எனக்கு நிறையத் தெரியும்.

புரை முகாமிலும் ஒரு மாற்றம் வேண்டும். விழித்திரை வீக்கம் உள்ளவருக்கு அதைக் கவனிக்காமல் புரை எடுத்தால் வீக்கம் கூடலாம். லென்ஸ் நன்றாக இருக்கும், பார்வை வராது, "கவர்மெண்ட் ஆபரேஷன் சரியில்லை" என்று பேர் கெடும். சுகர் உள்ளவரைப் பேருந்தில் ஏற்றும் முன் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். எண்ணிக்கைக்காக அவசரப்படுத்தும் பழக்கம் அப்போதுதான் குறையும்.

அடுத்து, ஊசி நாள். ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் வாரத்தில் ஒரு நிலையான நாள், மாறாத நாள். ஸ்கேனும் மருத்துவர் பார்ப்பதும் ஊசியும் ஒரே காலையில் முடியட்டும். காப்பீட்டுத் திட்டத்தில் ஒப்புதல் தரும்போது ஒவ்வொரு ஊசிக்கும் தனித்தனியாகக் கேட்காமல், முதல் வருடத்துக்கான வைத்தியம் முழுவதற்கும் ஒரே தடவையில் தாருங்கள். எந்த மருத்துவமனையில் எந்த மருந்து, எத்தனை ஊசி வரை கட்டணமில்லாமல் கிடைக்கும் என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் வாசலில் எழுதி வையுங்கள். பார்வை குறைந்தவர்கள் படிக்க வேண்டிய பலகை. நிஜமாகவே பெரிய எழுத்தில்.

மருந்து கொள்முதல் பற்றி என் தகுதிக்கு மீறித்தான் பேசுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். புற்றுநோய்க்கான பெவாசிசுமாப் குப்பி கண்ணுக்கென்று உரிமம் பெற்றது இல்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2013-இலேயே கண் நோய்க்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அதைச் சேர்த்தது. 100 மில்லிகிராம் குப்பியில் கண்ணுக்கு வேண்டியது 1.25 மில்லிகிராம்தான். அதனால்தான் விலை மற்றவற்றைவிட எத்தனையோ மடங்கு குறைகிறது. 2022-இல் வெளியான ஆய்வில், முதலில் பெவாசிசுமாப் போட்டு, போதவில்லை என்றால் அஃப்லிபர்செப்டுக்கு மாற்றியவர்களுக்கும், ஆரம்பத்திலிருந்தே விலை உயர்ந்த அஃப்லிபர்செப்ட் போட்டவர்களுக்கும் இரண்டு வருட முடிவில் பார்வையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் முதலில் பெவாசிசுமாப் போட்டவர்களில் நூற்றுக்கு எழுபது கண்களுக்கு மருந்தை மாற்ற வேண்டி வந்தது. இந்த இரண்டாவது வரியை நிதித் துறைக்காரர்கள் தாண்டிப் போய்விடக் கூடாது. மலிவானதை மட்டும் வாங்கி வைத்துவிட்டு மாற்று மருந்துக்குக் கதவை மூடினால் அந்த ஆய்வின் பலன் கிடைக்காது. ஊசி கேட்காத கண்களுக்கு ஸ்டீராய்டு மருந்தும் இருக்கிறது. அதில் கண் அழுத்தமும் புரையும் கூடும் என்பதால் யாருக்கு என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும், இருப்பிலாவது இருக்கட்டும்.

ஒரு குப்பி பெவாசிசுமாபைப் பல சிரிஞ்சுகளாகப் பிரிப்பதில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. 2016 ஜனவரியில் குஜராத்தில் பலருக்குக் கண்ணில் கிருமித் தொற்று வந்ததை அடுத்து மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி இந்த மருந்தைக் கண்ணில் போடுவதற்கு எதிராக எச்சரிக்கை விட்டு, சில வாரங்களில் அதைத் திரும்பப் பெற்றார். 2023 செப்டம்பரில் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில், பிரித்து நிரப்பிய இதே மருந்தால் பலர் பார்வை இழந்தார்கள். இதைச் சொல்லி மருந்தையே ஒதுக்க வேண்டாம். எங்கே, யார், எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துக் கொள்முதலில் மற்ற மாநிலங்களுக்கே வழிகாட்டி. அந்தக் கழகம் அசல் மருந்தை மொத்தமாக வாங்கி, மண்டலத்துக்கு ஒன்றாகக் கிருமியற்ற மருந்தறை வைத்து, ஒவ்வொரு சிரிஞ்சிலும் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் ஒட்டி, குளிர்ப்பெட்டியில் மாவட்டங்களுக்கு அனுப்பலாம். தடுப்பூசியைக் குளிர் கெடாமல் குக்கிராமம் வரை கொண்டு போகிறவர்களுக்கு இது முடியாதா?

சுகர் மருத்துவர்களிடமும் துறை பேச வேண்டும். கண்ணுக்கு ஊசி, உடம்புக்குக் கட்டுப்பாடு இல்லை என்றால் பலன் பாதிதான். ரத்த அழுத்தம், சிறுநீரகம், ரத்தசோகை மூன்றும் இந்த வீக்கத்தோடு சம்பந்தப்பட்டவை. பயோகிளிட்டசோன் என்ற சுகர் மாத்திரை சிலருக்கு உடம்பில் நீர் கோக்க வைக்கும். கண் வீக்கம் உள்ளவருக்கு அதைத் தொடரலாமா என்று மறுபடி பார்க்க வேண்டும். சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர் என்றால் ஊசி போடும் முன் கண் மருத்துவருக்கு அது தெரிய வேண்டும். இரண்டு சீட்டு இரண்டு பையில் இருக்கிறது. ஒரே சீட்டாக ஆக்குங்கள்.

கடைசியாக, எதை எண்ணுவது என்பது. ஊசி எண்ணிக்கையைக் கேட்டால் மாவட்டங்கள் ஊசி எண்ணிக்கையைக் காட்டும். முதல் ஊசி போட்டவர் ஆயிரம், ஆறாவது ஊசி வரை வந்தவர் நூறு என்றாலும் அறிக்கை அழகாக இருக்கும். அதனால் வேறு கணக்கு கேளுங்கள்: முதல் ஊசி போட்டவர்களில் எத்தனை பேர் ஒரு வருடம் தொடர்ந்து வந்தார்கள், வராதவர்களை யார் கூப்பிட்டுப் பேசினார்கள், தொடங்கும்போது பலகையில் எத்தனை வரி, வருடக் கடைசியில் எத்தனை வரி. வராதவரைத் தேடிப் போக எங்களைப் போன்ற கண் மருத்துவ உதவியாளர்கள் இருக்கிறார்கள். காலி இடங்களை நிரப்பினால் இன்னும் இருப்பார்கள். அலைபேசியில் அழைத்தால் எடுக்க மாட்டார்கள், இல்லையென்றால் எண் மாறியிருக்கும். சைக்கிளில் போனால் வயலில் பிடித்துவிடலாம்.

எல்லா மாவட்டத்திலும் ஒரே நாளில் தொடங்கச் சொல்லவில்லை. டெல்டாவில் ஒரு மாவட்டத்தை எடுத்து, மேலே சொன்ன கணக்கோடு ஒரு வருடம் நடத்திப் பார்த்து, முடிவு எப்படி இருந்தாலும் அதைப் பொதுமக்கள் பார்க்க வெளியிடுங்கள். வராதவர்களைத் தேடும் வேலைக்குச் சம்பளம் இல்லாமல் வர ஓய்வுபெற்ற எங்களில் சிலர் தயாராக இருக்கிறோம். சைக்கிள் சொந்தமாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண் மருத்துவ உதவியாளர் ஒருவர்,
காவிரி டெல்டா.